முன்னால் நடந்தது: அப்பா பேசினார்

என் மகன் தங்கியிருக்கும் இல்லத்தில் ஒரு படிவம் உண்டு. ஒரு தாளில் மூன்று பத்திகள். முதல் பத்தியின் தலைப்பு ‘முன்னால் நடந்தது’. அடுத்தது ‘தம்பி செய்தது’. கடைசி ‘பின்னால் நடந்தது’. அங்கிருக்கும் பிள்ளைகளில் யாராவது தலையைச் சுவரில் முட்டிக்கொண்டாலோ, சாப்பாட்டுத் தட்டை வீசினாலோ, பக்கத்தில் இருப்பவரின் கையைக் கடித்தாலோ, பார்த்துக்கொண்டிருந்த பணியாளர் உடனே உட்கார்ந்து இந்த மூன்று பத்திகளையும் நிரப்ப வேண்டும். அபிப்பிராயம் எழுதக் கூடாது. ‘கோபமாக இருந்தான்’ என்று எழுதினால் சிவப்பு மையால் அடித்துவிடுவார்கள். கோபத்தை யாரும் பார்த்ததில்லை. தட்டு பறந்ததைத்தான் பார்த்திருக்கிறார்கள். உரைநடைக்கு இதைவிட நல்ல இலக்கணத்தை நான் படித்ததில்லை. படித்திருந்தால் என் கட்டுரைகள் இன்னும் சுருக்கமாக இருந்திருக்கும்.

அவன் அங்கே சேர்ந்து மூன்று மாதம் ஆனபோது, இல்லத்தை நடத்தும் டாக்டரம்மா என்னையும் என் மனைவியையும் உட்காரவைத்து ஒரு கத்தைத் தாள்களை எங்கள் பக்கம் நகர்த்தினார். ஞாயிற்றுக்கிழமைத் தாள்களை மட்டும் தனியாகப் பிரித்து வைத்திருந்தார். ஞாயிறு, பெற்றோர் பார்க்க வரும் நாள்.

மேலே இருந்த தாளைப் படித்தேன்.

முன்னால் நடந்தது: அப்பா பேசினார்.
தம்பி செய்தது: காதைப் பொத்திக்கொண்டான். நெற்றியில் நான்கு முறை அடித்துக்கொண்டான்.
பின்னால் நடந்தது: அப்பா இன்னும் பேசினார்.

அடுத்த தாளிலும் அப்பாதான் பேசியிருந்தார். அதற்கடுத்ததிலும் அவரே. நான்காவது தாளில் ஒரு மாறுதல்: ‘அப்பா பாடினார்.’

“அது ஒரே ஒரு தடவைதான் டாக்டர்” என்றேன்.

“அந்த ஒரு தடவையே போதும்” என்றாள் என் மனைவி.

இருபது வருடமாகப் பட்டிமன்ற மேடைகளில் பேசிவருகிறேன். கோயில் திருவிழா, கல்லூரி ஆண்டுவிழா, பணி ஓய்வுப் பாராட்டு என்று எதையும் விட்டதில்லை. மணி அடித்தபிறகும் “இன்னும் ஒரே ஒரு நிமிடம் நடுவர் அவர்களே” என்று கெஞ்சி ஏழு நிமிடம் பேசுகிறவன் என்று எனக்கொரு பெயர் உண்டு. பகலில், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் தமிழ் ஆசிரியர் வேலை. மீன் மார்க்கெட்டில் பூக்கடை வைத்த மாதிரி என்று வையுங்கள். யாரும் வாங்க வரமாட்டார்கள். ஆனால் கூவிக்கொண்டே இருக்க வேண்டும். இப்படிக் கூவியே பழகிய தொண்டையைப் பற்றி இரண்டே சொல்லில் எழுதப்பட்ட விமர்சனத்தை அன்றுதான் முதல்முறையாகப் படித்தேன். மறுக்க முடியவில்லை. சாட்சிகளின் கையெழுத்தும் இருந்தது.

மகனைப் பற்றிச் சொல்ல வேண்டும். இப்போது வயது பத்தொன்பது. மூன்று வயதில் ஆட்டிசம் என்றார்கள். கூடவே வளர்ச்சியிலும் தாமதம் என்றார்கள். ஆறடிக்கு இரண்டு விரல் குறைவு. அவனுடைய பேச்சில் மொத்தம் நாற்பது சொற்கள் இருக்கும். அதில் பாதி நிறங்களின் பெயர்கள். எங்கள் குடும்பத்துக்கு வந்த சொற்களைப் பங்கு பிரித்ததில் பெரிய அநியாயம் நடந்துவிட்டது. அவன் பங்கையும் சேர்த்து நான் எடுத்துக்கொண்டேன். அவன் அதைப் பற்றி இதுவரை புகார் சொன்னதில்லை. நெற்றியில் அடித்துக்கொண்டதுதான் புகார் என்று எனக்குத்தான் புரியவில்லை.

பதினேழு வயதில் அது முற்றியது. ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை தலையில் அடித்துக்கொள்வான். கண்ணாடி ஜன்னல்கள் போயின. தடுக்கப் போன என் மனைவியின் முன்பல்லில் ஒரு மூலையும் போயிற்று. கேட்டவர்களிடமெல்லாம் “முறுக்கு” என்றாள். கொஞ்ச நாளில் எங்கள் தெருவில் அந்த முறுக்குக் கடைக்குக் கெட்ட பெயர் வந்துவிட்டது.

தங்கிச் சிகிச்சை பெறும் இடத்தில் விடலாம் என்று முதலில் சொன்னவள் அவள்தான். நான் வழக்கம்போல நீண்ட மறுப்புரை ஆற்றினேன். முடியும்வரை கேட்டுவிட்டு, “என் பல்லு உடைஞ்சப்ப நீங்களே ஒட்டிவிட்டீங்களா? டாக்டர்கிட்டதானே கூட்டிட்டுப் போனீங்க? இதுவும் அதேதான்” என்றாள். தீர்ப்பு வழங்கப்பட்டது.

சொந்தக்காரர்கள் விடவில்லை. “ஹாஸ்டல்ல தள்ளிட்டீங்களாமே?” என்று குன்றத்தூர் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டே கேட்டார் ஒரு பெரியப்பா. அவருடைய இரண்டு பிள்ளைகளும் எட்டாம் வகுப்பிலிருந்து ஹாஸ்டலில் வளர்ந்தவர்கள். அதற்குப் பெயர் கோச்சிங்.

இல்லம் ஒரகடத்திலிருந்து வல்லக்கோட்டை போகும் சாலையில் இருக்கிறது. முன்பு ஒப்பந்தத் தொழிலாளர்கள் தங்கிய இரண்டு மாடிக் கட்டடம். இருபது பிள்ளைகள். அதைத் தேர்ந்தெடுத்தது நாங்கள் அல்ல. சும்மா பார்த்துவரலாம் என்று போன அன்று, மதிய ஷிப்டு மாறும் நேரம். கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. என் மகன் கேட்டின் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு நின்றான். “வெள்ளை. வெள்ளை. நீலம். வெள்ளை.” நாற்பது நிமிடம் நின்றான். கை ஒருமுறைகூட நெற்றிக்குப் போகவில்லை. கடைசி பஸ் போனதும் திரும்பி, நேராக உள்ளே நடந்து, அங்கிருந்த ஒரு கட்டிலில் உட்கார்ந்துகொண்டான். அட்மிஷன் முடிந்தது.

அங்கே அவனுக்குப் பொறுப்பாக இருந்த பெண்ணுக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். பக்கத்து கிராமம். செல்போன் பாகங்களைப் பொருத்தும் தொழிற்சாலையில் எட்டு வருடம் வேலை பார்த்து, லைன் லீடர் வரை வந்து, பிறகு டாக்டரம்மாவிடம் பயிற்சி எடுத்து இங்கே சேர்ந்தவர். இல்லத்தில் எல்லோரும் அவரை இன்னும் லைன் லீடர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

இல்லத்தின் ஒவ்வொரு கூடத்திலும் ஒரு கம்பத்தின் உச்சியில் மூன்றடுக்கு விளக்கு ஒன்று இருக்கும். சிவப்பு, மஞ்சள், பச்சை. தொழிற்சாலைகளில் இயந்திரத்தின் தலையில் இருக்குமே, அந்த டவர் லைட். ஸ்ரீபெரும்புதூரில் பழைய இரும்புக் கடையில் லைன் லீடர் தேடிப் பிடித்தவை. கீழே மூன்று பட்டன்கள் உள்ள ஒரு பெட்டி. பச்சை என்றால் எல்லாம் சரி. மஞ்சள் என்றால் மெதுவாக. சிவப்பு என்றால் நிறுத்து. கூடத்தைவிட்டு வெளியே போகும்போது கழுத்தில் அடையாள அட்டை மாதிரி மூன்று நிற அட்டைகள்.

விதி ஒன்றே ஒன்று. சிவப்பை யார் வேண்டுமானாலும் அழுத்தலாம். பிள்ளைகள், சமையல்காரர், டாக்டரம்மா, யாரும். அழுத்திவிட்டால் அங்கிருக்கும் அத்தனை பேரும் பேச்சையும் அசைவையும் நிறுத்த வேண்டும். அழுத்தியவரே பச்சையை அழுத்தும்வரை. ஏன் அழுத்தினாய் என்று யாரும் கேட்கக் கூடாது. பிறகும் கேட்கக் கூடாது.

“ஏன்னு கேட்டாத்தானே அடுத்த தடவை அதைத் தவிர்க்கலாம்?” என்று நான் கேட்டேன். தர்க்கத்தில் நான் கெட்டி.

“சார், லைன்ல இன்னா ரூல் தெரியுமா? நேத்து சேர்ந்த பொண்ணுகூட லைனை நிறுத்தலாம். நிறுத்துனவளை, ‘ஏன்டி நிறுத்துன, டார்கெட் போச்சே’ன்னு ஒரு தபா கேட்டுட்டா போதும், அப்புறம் அவ கை பட்டனுக்கே போகாது. கெட்ட பீஸா போய்க்கினே இருக்கும். இவுங்க அடிச்சிக்கிறது எதுக்குன்றீங்க? நிறுத்தறதுக்கு வேற பட்டன் இல்லாததாலதான். நாம பட்டன் குடுக்கறோம். அவ்ளோதான்.”

எதிரணியில் இருந்து இப்படி ஒரு வாதம் வந்தால் மேடையில் கைதட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவேன்.

நான்கு மாதத்தில் என் மகன் சிவப்பை அழுத்தக் கற்றுக்கொண்டான். தாள்களின் கத்தை மெலியத் தொடங்கியது. நாங்கள் துள்ளினோம். அந்தத் துள்ளலில், தீபாவளிக்கு வீட்டுக்கு அழைத்துப் போகிறோம் என்று பிடிவாதம் பிடித்தோம். டாக்டரம்மா வேண்டாம் என்றார். நான் பேசிச் சம்மதிக்க வைத்தேன். பேச்சு எனக்கு அதற்குத்தான் பயன்படுகிறது. அட்டைகளைக் கழுத்தில் மாட்டித்தான் அனுப்பினார்கள். சரவெடிச் சத்தத்தில் அவன் சிவப்பு அட்டையைத் தூக்கிக் காட்டியபோது, “ஒண்ணும் இல்லடா கண்ணா, பட்டாசுடா, பக்கத்து வீட்டு மாமாடா, இதோ முடிஞ்சிடும்டா” என்று நான் விளக்கவுரை ஆற்றிக்கொண்டிருந்தேன். புது ஜன்னல்களும் போயின. மதியத்துக்குள் இல்லத்துக்குத் திரும்பினோம். இனி வீட்டு விடுப்பு கொஞ்ச நாளைக்கு இல்லை என்று டாக்டரம்மா சொன்னார். ‘கொஞ்ச நாள்’ என்பது எத்தனை நாள் என்று கேட்க எனக்கு முதன்முறையாகத் தைரியம் வரவில்லை.

இந்த நிலைமையில் மகளுக்கு நிச்சயம் கூடிவந்தது. மாப்பிள்ளை ஒரகடத்தில் கார் கம்பெனி ஒன்றில் இன்ஜினியர். அவருடைய அப்பா லாரி கம்பெனியில் இயந்திரப் பராமரிப்புப் பிரிவு. நல்ல மனிதர்கள். ஆனால் மாப்பிள்ளையின் அத்தை மட்டும் என் மனைவியைத் தனியாகக் கூப்பிட்டு, “பையன் ஃபங்ஷனுக்கு வருவானா? வந்தா எதுனா பண்ணிடுவானா?” என்று கேட்டாராம். அதைக் கேள்விப்பட்ட என் மகள் சொன்னாள்:

“தம்பி வர்லன்னா எனக்கு நிச்சயம் வேணாம்ப்பா. இது அடம் இல்ல. அவங்க அவனை இப்பவே பாத்துடணும். இப்பவே ஒளிச்சு வச்சா அப்புறம் ஆயுசு பூரா ஒளிக்கணும்.”

அவளுக்கு அவள் அம்மாவின் வாய். இரண்டு வரியில் முடித்துவிடுவாள்.

இல்லத்துக்கு ஓடினோம். டாக்டரம்மா யோசித்தார். “இது நல்லபடியா போச்சுன்னா, மாசம் ஒரு தடவை வீட்டுக்கு அனுப்பலாம். போகலன்னா, நாம திரும்பவும் முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். அவனுக்கு அது கஷ்டம்.” பிறகு லைன் லீடரைப் பார்த்தார்.

“தம்பி ரெடியாத்தான் மேடம் கீறான். அம்மாவும் ஓகே” என்றார் லைன் லீடர். பேனா முனையை என் பக்கம் திருப்பினார். “சார்தான் ரெடி இல்ல.”

எனக்குப் பயிற்சி என்று முடிவாயிற்று. நான்கு ஞாயிறு. பாடத்திட்டம் எளிது: சிவப்பு எரிந்தால் வாயை மூட வேண்டும். தேர்வில் தேறினால் மகன் நிச்சயத்துக்கு வருவான். என் மனைவி உடன் வந்து முதல் ஞாயிறே தேறிவிட்டாள். இருபத்தாறு வருடப் பயிற்சி அவளுக்கு.

முதல் ஞாயிறு, நான் மகனிடம் பேசத் தொடங்கிய இரண்டாவது நிமிடத்தில் சிவப்பு எரிந்தது. நான் உடனே கையைத் தூக்கி, “சரிப்பா, அப்பா பேசல” என்றேன்.

பச்சை வந்தபிறகு லைன் லீடர் என்னை வெளியே கூப்பிட்டார். “பேசலன்னு சொல்றதும் பேச்சுதான் சார்.”

இரண்டாவது ஞாயிறு, பேசவில்லை. ஆனால் சைகையில் ஒரு நீண்ட செய்தியைச் சொல்லிவிட்டேன்: எனக்குப் புரிகிறது, நான் அமைதியாக இருக்கிறேன், அம்மா அதோ இருக்கிறாள், மதியம் தயிர் சாதம். வெளியே போக அட்டையோடு நின்ற பிள்ளைகளில் ஒருவன் தன் சிவப்பு அட்டையையும் தூக்கினான்.

“கைய வச்சிக்கினு சும்மா இருக்க மாட்டீங்களா சார்? நீங்க கையாலயும் பட்டிமன்றம் பண்றீங்க.”

மூன்றாவது ஞாயிறு, கைகளைக் கட்டிக்கொண்டு, உதடுகளை இறுக்கி, சிலைபோல நின்றேன். இரண்டு நிமிடம் ஆயிற்று, மூன்று ஆயிற்று. நான்காவது நிமிடத்தில் இருமினேன். அது இயல்பான இருமல் என்று இன்றுவரை சொல்லிவருகிறேன். நம்புகிறவர்கள் யாரும் இல்லை. வண்டியில் திரும்பும்போது ஏரிக்கரை வந்தது. செம்பரம்பாக்கம் ஏரி நிறைந்து கிடந்தது. “அந்த இருமல்ல ஒரு ‘என்னன்னா’ இருந்துச்சு” என்றாள் மனைவி.

நான்காவது ஞாயிறு கடைசி வாய்ப்பு. நான் போய் உட்கார்ந்து, “எப்படிடா இருக்க?” என்று கேட்ட உடனே சிவப்பு. வாயை மூடினேன். ஜன்னல் வழியே சாலையைப் பார்த்தேன். செய்வதற்கு வேறு ஒன்றும் இல்லாததால் பஸ்களை எண்ணினேன். வெள்ளை. வெள்ளை. ஒரு மஞ்சள். எதிர்வெயிலில் கண்ணாடியெல்லாம் பளபளத்தன. கொஞ்ச நேரத்தில் எண்ணுவது பிடித்துப்போயிற்று. அடுத்தது நீலமாக இருக்கும் என்று மனசுக்குள் பந்தயம் கட்டினேன். நீலமே வந்தது. என்னை அறியாமல் சந்தோஷப்பட்டேன்.

அப்போது என் பக்கத்தில் யாரோ வந்து நிற்பது தெரிந்தது. என் மகன். அவனும் சாலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். என் வலது கையைப் பிடித்துத் தூக்கினான். உள்ளங்கையைத் தன் உச்சந்தலையில் வைத்தான். மேலே தன் இரண்டு கைகளையும் வைத்து அழுத்திக்கொண்டான். கனமாக, ஒரு பாறாங்கல்லை வைத்துக்கொள்வதுபோல. அப்படியே மூன்று பஸ்கள் போயின. பிறகு போய்ப் பச்சையை அழுத்தினான்.

பத்தொன்பது வருடத்தில் அவன் அப்படிச் செய்ததில்லை. அவன் அம்மாவிடம் செய்வான். என்னிடம் செய்ய அவனுக்கு நேரம் கிடைத்ததில்லை என்று நினைக்கிறேன். நான் எங்கேயும் இடைவெளி விட்டதில்லை. இதைப் பற்றி ஒரு நல்ல வாக்கியம் எழுத முயன்றேன். வரவில்லை. விட்டுவிட்டேன்.

“பாஸ் சார்” என்றார் லைன் லீடர்.

நிச்சயத்தை வல்லக்கோட்டை முருகன் கோயில் பக்கத்தில் ஒரு சின்ன மண்டபத்தில் வைத்துக்கொண்டோம். இடத்தைச் சொன்னது லைன் லீடர். ஏதாவது என்றால் பத்து நிமிடத்தில் இல்லத்துக்குப் போய்விடலாம். ஞாயிறு காலை முகூர்த்தம். பன்னிரண்டு மணிக்கு எமகண்டம். அதற்குள் தட்டு மாற்றிவிட வேண்டும் என்று ஐயர் மூன்று முறை சொன்னார். மூன்று முறையும் என்னைப் பார்த்தே சொன்னார். அவர் என் பட்டிமன்றங்களைக் கேட்டவர்.

லைன் லீடர் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, என் மகனை ஒரு கையிலும் டவர் லைட்டை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு வந்து இறங்கினார். பேட்டரியில் எரியும் விளக்கு. மேடைக்கு எதிரே ஜன்னல் ஓரம் ஒரு நாற்காலி; அதன் பக்கத்தில் ஸ்டூலில் விளக்கு. அட்டையைத் தூக்கினால் மேடையிலிருந்து தெரியாது, விளக்கு தெரியும். மாப்பிள்ளையின் அப்பா அதைப் பார்த்ததும் மாலை மரியாதையெல்லாம் மறந்து நேரே விளக்கிடம் போனார். சுற்றிவந்து பார்த்தார்.

“சம்பந்தி, இது இன்னா இங்க? பழைய மாடலாச்சே! பஸ்ஸர் வேலை செய்யுதா?”

“பஸ்ஸரைக் கழட்டிட்டாங்க சம்பந்தி” என்றேன். விதியைச் சொன்னேன். சுருக்கமாகவே சொன்னேன், என்னைப் பயிற்றுவித்தவர் பக்கத்தில் நின்றிருந்தார்.

அவர் என் மகனைப் பார்த்தார். விளக்கைப் பார்த்தார். “கரெக்டு” என்றார். “மனுசனுக்கும் ஒண்ணு வைக்கணும்னு நான் ரொம்ப நாளா சொல்லிக்கினு கீறேன். எங்க மேனேஜருக்கு மண்டைலயே வைக்கணும்.”

பதினொன்றரைக்கு எல்லாம் தயார். வரவேற்புரைக்கு என் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். கொடுத்திருக்கக் கூடாது. நான் வாங்கியிருக்கவும் கூடாது. ஆனால் பெண்ணின் அப்பா, அதிலும் பேச்சாளர், ஊர் என்ன சொல்லும்? ஐந்தே நிமிடம் என்று எனக்கு நானே சத்தியம் செய்துகொண்டேன். ஐந்தாவது நிமிடத்தில் சம்பந்தி வீட்டாரின் குலப்பெருமையில் இருந்தேன். பத்தாவது நிமிடத்தில் கூட்டம் சிரிக்க ஆரம்பித்தது. கூட்டம் சிரித்தால் எனக்குச் சத்தியம் மறந்துவிடும். கேட்பதற்கென்றே உட்கார்ந்திருக்கும் நூறு பேர். என்னிடம் ஆகச்சிறந்த மாமனார் ஜோக் ஒன்று இருந்தது. இருபது வருடத்தில் ஒருமுறைகூடத் தோற்காத ஜோக்.

“ஒரு ஊர்ல ஒரு புது மாப்பிள்ளை. மாமனார் வீட்டுக்கு விருந்துக்குப் போனாரு. இலை போட்டாச்சு. மாமனார் பக்கத்துல வந்து நின்னு, குனிஞ்சு, மெதுவா ஒரு கேள்வி கேட்டாரு—”

மைக் கீச்சென்று அலறியது. எதிரே ஜன்னல் ஓரம் சிவப்பு எரிந்தது.

வாயில் அடுத்த வாக்கியம் தயாராக இருந்தது. ஒன்பது சொற்கள். ஒன்பதையும் சொல்லி முடிக்க மூன்று நொடி போதும். மூன்று நொடியில் மண்டபம் அதிரும். தீபாவளியன்று நான் சொன்னதும் கிட்டத்தட்ட ஒன்பது சொற்கள்தான். அவன் கை நெற்றிக்கு வெகு அருகில் இருந்தது. விரல்கள் மடங்கியிருந்தன. என் மகள் மணைப்பலகையில் உட்கார்ந்தபடி தம்பியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் வாயை மூடினேன்.

அடுத்த நொடி, மாப்பிள்ளையின் அப்பா நாற்காலியிலிருந்து எழுந்து கையைத் தூக்கி ஒரே ஒரு குரல் கொடுத்தார்:

“லைன் ஸ்டாப்!”

கூட்டத்தில் பாதிக்கு மேல் தொழிற்சாலைக்காரர்கள். சிவப்பு விளக்குக்கு இருபது வருடமாகக் கட்டுப்பட்ட உடம்புகள். அவரவர் இருந்த இடத்தில் அப்படியே நின்றார்கள். ஒருவர் நாற்காலியில் பாதி உட்கார்ந்த நிலையில் நின்றுவிட்டார். போட்டோகிராபர் ஒரு கண்ணை மூடியபடி நின்றார். மற்றவர்கள், ஏதோ சடங்கு என்று நினைத்து, கையைக் கூப்பிக்கொண்டார்கள். மாப்பிள்ளையின் அத்தை ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். சம்பந்தி விளக்கைச் சுட்டிக் காட்டினார். அத்தை மூடிக்கொண்டார்.

பின்கட்டில் கரண்டிச் சத்தம் நின்றது. யாருடைய கைபேசியோ பக்திப் பாடல் ஒன்றைப் பாடத் தொடங்கி, முந்தானைக்குள் அமுங்கி இறந்தது. வெளியே கோயில் வாசலில் யாரோ தேங்காய் உடைத்தார்கள். ஐயர் கடிகாரத்தைப் பார்த்தார். எமன் வந்துகொண்டிருப்பது அவர் முகத்தில் தெரிந்தது. ஆனால் அவரும் பேசவில்லை.

என் மகனின் கை நெற்றிக்கும் மடிக்கும் நடுவே கொஞ்ச நேரம் தொங்கிக்கொண்டிருந்தது. பிறகு மெதுவாக மடிக்கு இறங்கியது. எழுந்தான். சிலைகளாக நின்றவர்களுக்கு நடுவே, யார்மீதும் இடிக்காமல், வளைந்து வளைந்து நடந்து மேடைக்கு வந்தான். என் கையிலிருந்த மைக்கைப் பார்த்தான். அதை வாங்கி ஐயரின் மடியில் வைத்தான். காலியான என் கையை எடுத்துத் தன் தலையில் வைத்து அழுத்திக்கொண்டான்.

நூறு பேர் பார்க்க நான் மேடையில் ஒன்றும் பேசாமல் நின்றது அதுதான் முதல் தடவை. ஒன்றும் ஆகிவிடவில்லை.

போதும் என்று தோன்றியதும் திரும்பி நடந்தான். பச்சையை அழுத்தினான். பாதி உட்கார்ந்திருந்தவர் மீதியை உட்கார்ந்து, “யப்பா, முட்டி போச்சு” என்றார். மண்டபமே சிரித்தது. என்னுடைய எந்த ஜோக்குக்கும் அப்படிச் சிரித்ததில்லை.

“இன்னும் ஏழே நிமிஷம்” என்று ஐயர் அறிவித்தார். மைக் அவர் மடியிலேயே இருந்ததால் அது எல்லோருக்கும் கேட்டது. “மணி பதினொண்ணு ஐம்பத்து மூணு. தட்டைக் கொண்டாங்கோ, சீக்கிரம்!”

தட்டு மாறியபோது பன்னிரண்டுக்கு இரண்டு நிமிடம் இருந்தது. பந்தியில் ஐயர் என் காதருகே குனிந்து, “தப்பா நினைக்காதேள். குழந்தை நிறுத்தலேன்னா எமகண்டத்துலதான் நிச்சயம் நடந்திருக்கும்” என்றார். தப்பாக நினைக்க அதில் ஒன்றும் இல்லை.

அத்தை என் மகனின் இலைக்கு எதிரே நின்று அப்பளத்தை நீட்டி, அவன் மஞ்சள் அட்டையைத் தொட்டதும் தானே ஓரடி பின்வாங்கி, மெதுவாக வைத்துவிட்டுப் போனார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அன்று இரவு அவன் வீட்டில், தன் அறையில், புது ஜன்னலுக்குக் கீழே தூங்கினான். ஜன்னலுக்கு ஒன்றும் ஆகவில்லை. மனைவி இரண்டு முறை எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அவள் எழும்போது நான் விழித்திருந்தேன் என்பதை அவளிடம் சொல்லவில்லை. பேசாமல் இருப்பதில் எனக்கு ருசி கண்டுவிட்டது.

ஜோக் மட்டும் பாக்கி. சம்பந்தி வீட்டில் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். மாப்பிள்ளை போன் செய்து, “மாமா, அந்த மாமனார் இன்னாதான் கேட்டாரு?” என்கிறார். சொல்வதாக இல்லை. முடித்த ஜோக்குகளுக்குக் கிடைக்காத மரியாதை இதற்குக் கிடைத்துவருகிறது.

திங்கட்கிழமை மதியம் அவனை இல்லத்தில் கொண்டுபோய் விட்டோம். வண்டி நின்றதும் இறங்கி, எங்களைத் திரும்பிப் பார்க்காமல், கேட்டின் கம்பிகளைப் பிடித்துக்கொண்டான். ஷிப்டு மாறும் நேரம். லைன் லீடர் படிவத்தையும் பேனாவையும் என்னிடம் நீட்டினார். வீட்டு விடுப்பில் நடந்ததை வீட்டுக்காரர்தான் எழுத வேண்டும்.

முன்னால் நடந்தது: அப்பா பேசினார். மைக்கில்.
தம்பி செய்தது: சிவப்பு விளக்கை அழுத்தினான்.
பின்னால் நடந்தது: அப்பா நிறுத்தினார்.

லைன் லீடர் படித்தார். அடிப்பதற்கு ஒரு சொல்லையாவது தேடினார் என்று நினைக்கிறேன். இல்லை. எழுந்துபோய், சுவரில் இருந்த பலகையில், அடுத்த மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கு நேரே, ‘வீடு’ என்று எழுதினார். அதற்கடுத்த மாதத்திலும் எழுதினார்.

இப்படி ஒரு தருணத்தில் நன்றியுரை சொல்லாமல் போவது மரியாதை இல்லை. அடியெடுத்து முன்னால் வந்தேன்.

“இந்த நேரத்துல நான் ஒண்ணு சொல்லியே ஆகணும்—”

கேட்டருகே நின்றிருந்த என் மகன், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமலே, கழுத்தில் தொங்கிய அட்டைகளில் ஒன்றைத் தோளுக்கு மேலே தூக்கிக் காட்டினான்.

மஞ்சள்தான்.

சிவப்பு இல்லை. மெதுவாகப் பேசி, சீக்கிரம் முடித்தேன்.